பேசாத பிள்ளைக்குப் பூஜ்யம்

வானொலியில் தாரினா சொன்னது ஒரே வாக்கியம்தான். "அந்த ஆற்றோரத் தெருப் பிள்ளைகள்ல எண்பதைத் தாண்டின புத்தியை இருபத்தாறு வருஷத்துல நான் பார்த்ததில்லை."

ஆறு வயதுப் பிள்ளைகளின் அறிவைச் சோதித்து, மதிப்பெண் குறைந்தவர்களை மந்தமான பிள்ளைகளுக்கான தனிப்பள்ளிக்கு அனுப்புவது அவள் வேலை. இருக்கிற எண்ணைத்தானே சொன்னோம் என்று நினைத்தாள். மூன்றாம் நாள் தலைநகர் பிராத்திஸ்லாவாவிலிருந்து கேமராக்கள் வந்து அவள் வீட்டு வாசலில் நின்றன. அந்தத் தெருவில் வாழும் ரோமா இன ஜனங்கள் அவளை மன்னிப்புக் கேட்கச் சொல்லி அட்டை பிடித்தார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு எமில் கசகசா ரொட்டியோடு வந்து, "நாடோடிக் கூட்டத்துக்கு நல்லா உறைக்கிற மாதிரி குடுத்தே தாரினா!" என்று தோளைத் தட்டினான். திட்டுகிறவர்களைவிட இவன் மேல் ஏன் எரிச்சல் வருகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை மகன் மட்டூஷ் போன் செய்தான். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு, கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணை அவன் முதன்முதலாக அழைத்து வருவதாக இருந்தது. ஷனெட்டா, ஆஸ்பத்திரி நர்ஸ்.

"அவ அந்த ஆற்றோரத் தெருப் பொண்ணும்மா. சொல்ல நல்ல நேரம் பாத்துட்டிருந்தேன். நீ முந்திக்கிட்டே."

"வருவாளாடா?"

"தெரியல. அவ வராத வீட்டுக்கு நானும் வரமாட்டேன்."

தாரினா கோழி சூப் வைத்தாள். வருகிறவர்கள் ஷூவைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போட்டுக்கொள்ள, கதவருகே விருந்தாளிச் செருப்பு இரண்டு ஜோடி எடுத்துப் போட்டாள். ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தாள், மறுபடி எடுத்துப் போட்டாள்.

இருவரும் வந்தார்கள். ஷனெட்டா ஷூவைக் கழற்றாமல் நிலைப்படியிலேயே நின்றாள்.

"ஆறு வயசுல உங்க எதிர்ல உக்காந்தவதான் டாக்டரம்மா நானும். எழுபத்தொண்ணு போட்டீங்க. தனிப்பள்ளிக் காகிதத்துல எங்கப்பா கையெழுத்துப் போடல. அதனால தப்பிச்சேன்."

"எழுபத்தொண்ணா? நீயா?"

"தலையாட்டுற கேள்விக்கு மட்டும் தலையாட்டினேன். வாயே திறக்கலையே. 'அந்தம்மா முன்னாடி வாயாடாதே, எதையும் தொடாதே, நல்ல பிள்ளையா உக்காரு'ன்னு எங்கம்மா சொல்லி அனுப்பியிருந்தாங்க. நீங்க மரக்கட்டைகளைப் பரப்பினீங்க. நான் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சுக்கிட்டேன்."

தாரினாவுக்குக் கண் முன்னே கைகள் வந்தன. தொடைக்கு அடியில் ஒளிந்த எத்தனை கைகள்! 'பதில் இல்லை' என்று எழுதி, பக்கத்தில் பூஜ்யம் போட்டிருந்தாள்.

"அப்போ எல்லாப் பிள்ளைங்களுமே அப்படித்தானா?"

"எனக்கெப்படித் தெரியும்? சிலது நெசமாவே மக்கா இருக்கலாம். வாசல்ல ரொட்டித் தட்டோட ஒருத்தர், 'வேலைக்காரி பின்வழியா போ'ன்னாரே, அவரு மாதிரி." மட்டூஷ் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினான். "செவ்வாய்க்கிழமை எங்கக்கா பொண்ணு உங்ககிட்ட வர்றா. அவளும் கையை அப்படித்தான் வெச்சுப்பா."

"நான் என்ன பண்ணணும்மா?"

"தெரியல. நீங்க என்ன பண்ணப்போறீங்கன்னு கேக்கலாம்னுதான் வந்தேன்."

தாரினா வீட்டுச் செருப்போடு வெளியே போனாள். கேமராக்கள் சூழ்ந்தன.

"நான் சொன்ன எண்ணை நம்பாதீங்க. செவ்வாய்க்கிழமை நான் யாரையும் சோதிக்கப் போறதில்ல. முதல்ல பழைய தாளெல்லாம் திரும்பப் பாக்கணும்."

"இது மன்னிப்பா மேடம்?"

அவள் யோசித்தாள். "இன்னும் எதுக்கெல்லாம் கேக்கணும்னே தெரியலையே!"

திரும்பி வந்தபோது கதவருகே மகனின் ஷூவுக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு ஜோடி ஷூ இருந்தது. விருந்தாளிச் செருப்பு இரண்டு ஜோடியையும் காணவில்லை.

"சூப் பொங்குது டாக்டரம்மா!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "தொடலாமா?"

"தொடும்மா," என்றபடி ஓடினாள் தாரினா.