ஆறிய வண்டி

சலவைக் கடை அண்ணிக்குக் கைதான் கருவி. இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு விரல் உயரத்தில் உள்ளங்கையைப் பிடித்தாலே போதும், இது பட்டுக்கான சூடு, இது பருத்திக்கான சூடு என்று சொல்லிவிடுவாள். பேச்சுதான் வராது. கடைக்கு வருகிறவர்களோடு மல்லுக்கட்டுவதெல்லாம் நாத்தனார். அவள் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே தெரு முழுக்க இவளுக்கு அதுவே பெயராகிவிட்டது.

அப்பேர்ப்பட்ட கையை வைத்துக்கொண்டு அண்ணி ஏமாந்தாள்.

பழைய வண்டி விற்கும் இடத்தில் அந்த வெள்ளை டீசல் வேனைப் பார்க்கப் போன அன்று, பானெட்டின் மேல் கை வைத்தாள். சூடாக இருந்தது. வேன் கூரைக்குக் கீழே, நிழலில்தான் நின்றது. இது ஏன் சுடுகிறது என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் கடைக்காரர் வந்துவிட்டார். அவர் சட்டையைப் பார்த்ததும் அண்ணிக்குக் கேள்வி மறந்துபோயிற்று. காலர் விறைப்பாக நின்றது. கை மடிப்பு தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே கோடு. சட்டையை இப்படி வைத்துக்கொள்கிற மனிதர் வண்டியையும் இப்படித்தானே வைத்திருப்பார் என்று நினைத்துவிட்டாள். இஸ்திரி போடுகிறவளுக்குத்தான் அப்படியொரு நினைப்பு வரும்.

"சாவியைத் தொட்டா போதும் அக்கா, ஓடும்" என்றார் அவர். தொட்டார். ஓடியது.

மறுநாள் காலை கடை வாசலில் அண்ணி சாவியைத் திருகினாள். வேன் இருமியது. இன்னொரு தரம் திருகினாள். கிழவன் போல நீளமாக இழுத்து இருமிவிட்டு அடங்கிப்போயிற்று. தெருமுனை மெக்கானிக் நாலு பேரைக் கூட்டிவந்து தள்ளிய பிறகுதான் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. கிளம்பிய பிறகு நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை. அடுத்த நாள் காலை மறுபடியும் அதே கதை.

அந்த வேனை வாங்கியதே நர்சிங் ஹோம் வேலைக்காகத்தான். படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் பச்சை அங்கி எல்லாம் தினம் காலை பத்து மணிக்குள் அங்கே போய் இறங்க வேண்டும். ஏற்கனவே இரண்டு நாள் தாமதம். அங்கே ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "இன்னொரு நாள் லேட்டானா நான் வேற கடையைப் பாத்துக்கறேம்மா. ஆபரேஷன் உங்க வண்டிக்காகக் காத்திருக்காது" என்று அமைதியாகச் சொன்னார். அன்றிலிருந்து தினம் விடியும் முன்பே ஆள் கூட்டித் தள்ளித்தான் மூட்டைகள் நேரத்துக்குப் போயின.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உள்ளே எஞ்சின் தேஞ்சு போச்சு அண்ணி. சூடு இருக்கற வரைக்கும் ஓடும், ஆறினா படுத்துக்கும். விக்கறவங்க, ஆளு வர்றதுக்கு முன்னாடியே ஓட விட்டு சூடாக்கி வெச்சிருப்பாங்க."

அண்ணி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். அன்று நடந்ததை மெல்ல நாத்தனாரிடம் சொன்னாள்.

"ஆக, கை சொன்னதைக் கேக்கல, அந்த மொடமொடப்பு சொன்னதைக் கேட்டீங்க" என்றாள் நாத்தனார். அன்றிலிருந்து கடைக்காரருக்கு மொடமொடப்பு என்றே பெயர்.

ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. பதினைந்து நாட்களுக்குள், எங்கள் இடத்தில், எங்கள் கண்ணெதிரே எஞ்சின் பழுது தெரிந்தால் அதே விலையில் வேறு வண்டி தரப்படும். அதை நம்பி இரண்டு முறை போனார்கள். தள்ளிக் கிளப்பி, ஊரைக் கடந்து ஓட்டிக்கொண்டு போனால் வேன் சுடச்சுடத்தானே போய் நிற்கும்? மொடமொடப்பு ஒரு விரலால் சாவியைத் திருகினார். இரண்டு முறையும் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை போல உறுமியது.

"வண்டியில ஒண்ணும் இல்ல அக்கா. சாவி போடற கையில ஏதாவது இருக்கான்னு பாருங்க" என்று சிரித்தார். அங்கே வேலை செய்கிறவர்களும் சிரித்தார்கள். அண்ணி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அன்று மாலை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒன்று உறைத்தது. இஸ்திரிப் பெட்டி ஆற வேண்டுமென்றால் யாரும் அதை ஊதுவதில்லை. அப்படியே வைத்துவிட்டுப் போகிறோம்.

பதிமூன்றாம் நாள், வண்டிக் கடை மூடுகிற நேரம் பார்த்து வேனைக் கொண்டுபோய் நிறுத்தினாள். மொடமொடப்பு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார். 

"மறுபடியுமா? சாவியைக் குடுத்துட்டுப் போங்க. காலையில பாக்கலாம்."

"சாவியைக் காலையில நானே கொண்டு வரேங்க. எங்க நிறுத்தட்டும்?"

"எங்க வேணா நிறுத்துங்க அக்கா" என்று பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணி அவர் சொல்லைத் தட்டவில்லை. கேட்டுக்கு உள்பக்கம், வழியை அடைத்தாற்போல வேனைக் குறுக்கே நிறுத்தினாள். "அம்மா, இங்கயா?" என்று தலையைச் சொறிந்தார் வாட்ச்மேன். "எங்க வேணான்னு சொன்னாரே" என்றாள். அவரும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார், கதவைப் பூட்டினார்.

மறுநாள் எட்டு மணிக்கு அண்ணி, நாத்தனார், மெக்கானிக் மூவரும் போய் நின்றார்கள். சலவைக் கடையில் மூட்டைகள் கட்டித் தயாராக இருந்தன. வண்டிக் கடைக்குள் ஒரே களேபரம். சிவப்புக் கார் ஒன்றைப் பார்த்து முடிவு செய்திருந்த கணவன் மனைவி வந்து காத்திருந்தார்கள். காரை ஓட்டிப் பார்க்க வெளியே எடுக்க முடியவில்லை.

"என்ன அக்கா இது, சாவியைக் குடுங்க" என்று பிடுங்காத குறையாக வாங்கினார் மொடமொடப்பு. வேனில் ஏறினார். திருகினார்.

வேன் இருமியது.

"சாவி போடற கையைப் பாருங்க சார்" என்றாள் நாத்தனார்.

ஏழெட்டுத் தரம் திருகினார். கரகரப்பு மெலிந்து கடைசியில் 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. அவர் நெற்றி வேர்த்தது. "குளிர் இல்லையா... காலை நேரம்... டீசல் வண்டின்னா அப்படித்தான்" என்று அந்தத் தம்பதியிடம் சொன்னார்.

அண்ணி சிவப்புக் காரின் பக்கம் போனாள். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். பட்டுக்குக்கூட இது அதிகம் என்று தோன்றியது. அந்த மனைவியைப் பார்த்து, "கையை வெச்சுப் பாருங்க" என்றாள். தன் குரல் இவ்வளவு தெளிவாக வரும் என்று அவளுக்கே தெரியாது.

அந்தப் பெண் வைத்தாள். "சுடுதே. சார், இப்பத்தான் கடை திறந்தேன்னு சொன்னீங்க?"

மொடமொடப்பு வேனிலிருந்து இறங்கினார். "சும்மா துடைச்சு, கொஞ்சம் ஓட விட்டு..."

"நாங்க நாளைக்கு வரோம்" என்றார் கணவர். "நீங்க வர்றதுக்கு முன்னாடியே வரோம்." இருவரும் வேனைச் சுற்றி வளைந்து வெளியேறினார்கள்.

அண்ணி ரசீதைத் திருப்பி, பொடி எழுத்து வரியின் மேல் விரலை வைத்தாள். "உங்க இடம். உங்க கண்ணு. இன்னைக்குப் பதினாலாம் நாள்."

"வாங்கம்மா, உள்ளே உக்காந்து பேசலாம்." அக்கா இப்போது அம்மா ஆகியிருந்தாள்.

"உக்கார நேரமில்லைங்க. வேற வண்டி பாக்கறேன்."

வரிசையாகப் பளபளத்த வண்டிகளின் நடுவே அண்ணி நடந்தாள். ஒவ்வொன்றின் மேலும் கை வைத்தாள், எடுத்தாள். பின்சுவர் ஓரம் தூசி படிந்து ஒரு சாம்பல் நிற வேன் நின்றது. அதன் பானெட் கல் போலக் குளிர்ந்திருந்தது.

"இது வேண்டாம்மா, கழுவக்கூட இல்ல" என்றார் மொடமொடப்பு.

"கழுவறதுதானே சார் எங்க தொழில்" என்றாள் நாத்தனார்.

அண்ணியே ஏறினாள். ஒரே திருகு. சாம்பல் வேன் சிலிர்த்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. மெக்கானிக் புகையைப் பார்த்தார், பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்தார், ஆயில் கம்பியை உருவிப் பார்த்துத் துடைத்தார். பிறகு அண்ணியைப் பார்த்துத் தலையசைத்தார். மொடமொடப்பு ரசீதில் வண்டி எண்ணை அடித்து மாற்றிக் கையெழுத்துப் போட்டார்.

இனி வெளியே போக வேண்டுமே. வெள்ளை வேன் வழியில் படுத்துக் கிடந்தது. மொடமொடப்பும் அவர் ஆட்களும் முதுகைக் கொடுத்துத் தள்ளினார்கள். அண்ணி சாம்பல் வேனின் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருந்தாள்.

பத்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது நர்சிங் ஹோமில் கடைசி மூட்டை இறங்கியது. ஸ்டோர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார், பட்டியலில் கையெழுத்துப் போட்டார். "நாளைக்கும் இதே நேரம்" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் நாத்தனார் சிரித்துக்கொண்டே வந்தாள். "அண்ணி, தள்ளும்போது பாத்தீங்களா? அந்தச் சட்டை முதுகெல்லாம் கிரீஸ், ஒரு மடிப்பு மிச்சமில்ல."

"பாத்தேன்" என்றாள் அண்ணி. கியரை மாற்றினாள். "நம்ம கடைக்கு அனுப்பச் சொல்லு. கிரீஸ் போக வெளுத்து, கஞ்சி போட்டுத் தரலாம்."