முந்திரிக்கொல்லைக்குப் போலீசு காவல்

வூட்டுக்குப் போனு வேண்டாம்னுதான் சொன்னேன். பேசுறதை எவன் கேப்பான்னு தெரியாது. மீன்சுருட்டியில இருக்குற மருமவன் முத்துவேல் கேக்கல. ரெண்டாயிரத்து ஒண்ணுல இழுத்து மாட்டிட்டாரு.

அப்போ எங்க செந்துறைப் பக்கத்து முந்திரிக்கொல்லைங்கள்ல தீவிரவாதிங்க பதுங்குறாங்கன்னு போலீசு அலைஞ்சுக்கிட்டிருந்துச்சு. ஒருநாள் போன்ல, "அந்த ஏட்டு மணிமாறன் தொப்பைக்குத் தனியா பஸ் டிக்கெட்டு எடுக்கணும் மாப்ள"ன்னு சிரிச்சேன். மறுநாள் கடைத்தெருவுல மணிமாறன் மறிச்சாரு. "என் தொப்பைக்கு டிக்கெட்டு எடுக்குற ஆளு நீதானாய்யா?"

அன்னிக்கே வெளங்கிடுச்சு. நம்ம பேச்சை ஒட்டுக்கேக்குறானுவ.

ஆனா எனக்கிருந்த கவலை வேற. ரெண்டு வருசமா கொல்லையில கொட்டை விழ விழ எவனோ சாக்கோட வந்து பொறுக்கிட்டுப் போயிடறான். இந்த வருசமும் போச்சுன்னா நானும் என் பொண்டாட்டி அம்மாக்கண்ணுவும் என்னத்தத் திங்கிறது? ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தேன். "முந்திரிக்கொட்டைக்குப் போலீசு காவலா? போய்யா"ன்னு வெரட்டிட்டாங்க.

நேரா வூட்டுக்கு வந்து போனை எடுத்தேன்.

"மாப்ள, நம்ம கொல்லையில முகந்தெரியாத ஆளுங்க நடமாட்டம். பையும் கையுமா வரானுவ. கொட்டை பொறுக்கி முடியுற வரைக்கும் இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதீங்க."

"ஐயோ, தீவிரவாதிங்களா மாமா?"

"நான் யாரு பேரும் சொல்லல. வச்சிடறேன்."

அம்மாக்கண்ணு தலையில அடிச்சுக்கிட்டா. "இருங்க, உங்களத்தான் புடிச்சு உள்ள போடப் போறாங்க."

மறுநாள் காலையில ரெண்டு வேன் வந்து நின்னுச்சு. கொல்லையைச் சுத்தித் துப்பாக்கியோட பதினெட்டு நாள் நின்னாங்க. எந்தத் திருட்டுப்பயலும் எட்டிப் பாக்கல. நாங்க ரெண்டு பேரும் நிம்மதியா பொறுக்கினோம். வெயில்ல காஞ்சவங்களுக்கு முந்திரிப்பழம் குடுத்தா அம்மாக்கண்ணு. தொண்டை கரகரக்குதுன்னு இருமிக்கிட்டே தின்னாங்க.

கடைசியில இன்ஸ்பெக்டர் வந்தாரு. "யோவ் பெரியவரே, எவனும் வரலியே? பையும் கையுமா வரானுவன்னியே?"

"உங்ககிட்டயா சொன்னேன்? மருமவன்கிட்டல்ல சொன்னேன். உங்களுக்கு யாருங்க சொன்னா?"

ஒட்டுக்கேட்டோம்னு சொல்ல முடியுமா? மூஞ்சி செவந்து, "என்னய்யா வேடிக்கை? வேனை எடுங்கய்யா"ன்னு போலீசுக்காரங்க மேல பாய்ஞ்சாரு.

"சார், ஒரு நிமிசம்"னேன். "கடைசி மூட்டை கனமா இருக்கு. வண்டியில ஏத்த ரெண்டு பேரைக் கை குடுக்கச் சொல்லுங்க."