தர்சாவின் வாரம்

கணவரின் கால் விரல்களுக்கிடையே அப்பியிருந்த செம்மண்ணை லவீனா ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. அவள் எட்டிப் பார்க்கவில்லை. மூத்த மனைவி தர்சாவாகத்தான் இருக்கும்.

தர்சா உள்ளே வந்தாள். கையில் மடித்த வெள்ளை உடைகள். கோயில் சடங்கில் உடுத்தியதை உடுத்தித்தான் மார்மன் கிறித்தவ சபையாரை அடக்கம் செய்வார்கள். பின்னால் அவள் மகன் ஓரின், தொப்பியைக் கழற்றியபடி.

கட்டிலில் கிடந்தவரைத் தர்சா வெகுநேரம் பார்த்தாள். அமெரிக்காவில், யூட்டாவின் அந்தப் பள்ளத்தாக்குக்கு முதல் வண்டிகளை நடத்தி வந்தவர், முதல் வாய்க்காலை வெட்டியவர், ஊருக்கே பிஷப். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்தவர், தன் இரண்டு வீடுகளுக்கும் அப்படியே முறை வைத்திருந்தார். ஒரு வாரம் தர்சாவிடம், மறுவாரம் லவீனாவிடம். பனி கொட்டினாலும் அது மாறியதில்லை.

"இது என் வாரம்," என்றாள் தர்சா.

"தெரியும்க்கா."

"மதகைப் பாத்துட்டு வர்றேன்னு போன மனுஷன் இங்க எதுக்கு வந்தாரு?"

"அம்மா, இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"நீ போய்க் குதிரைக்குத் தண்ணி காட்டுடா."

லவீனா துணியைப் பிழிந்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். குழந்தையில்லாத இந்த வீட்டுக்கு, முறையில்லாத நாளில், அவராகவே தேடி வந்தார் என்று ஊர் பேசும். கொஞ்ச காலம் போனால் அவளும் அதை நம்பிவிடக்கூடும்.

தர்சா வெள்ளைத் துணியைப் பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

"வீடு தெரியாம வந்துட்டாருக்கா," என்றாள் லவீனா. "படியில உக்காந்து பூட்ஸக் கழட்டும்போதே வாய் கோணியிருந்துச்சு. 'தர்சா, சாப்பாடு ஆச்சா'ன்னாரு. நான் லவீனாங்கன்னு சொன்னேன். மறுபடியும் தர்சான்னுதான் கூப்பிட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஆச்சு, உள்ள வாங்கன்னேன்."



"சாப்பிட்டாரா?"

"ரெண்டு வாய். உப்பு பத்தலன்னாரு."

"என்கிட்டதான் அப்படிச் சொல்லுவாரு," என்றாள் தர்சா. சிரிப்பு போல ஏதோ வந்து பாதியில் நின்றது. "உன் சமையல்ல ஒரு குறையும் சொன்னதில்லையாமே."

"என்கிட்ட அவர் எதையுமே சொன்னதில்லக்கா."

தர்சா கட்டிலின் மறுபக்கம் போனாள். "தோளைத் தூக்கு."

இருவருமாக உடுத்திவிட்டார்கள். இடுப்புக் கச்சையின் ஒரு முனையைத் தர்சா அவளிடம் நீட்டினாள். லவீனா முடிச்சிட்டாள்.

ஓரினும் பக்கத்து வீட்டுக்காரரும் உடலை வண்டியில் ஏற்றினார்கள்.

"சித்தி, நீங்களும் ஏறுங்க."

"சாயங்காலம் என் தோட்டத்துக்குத் தண்ணி முறை. காலையில வர்றேன்."

"இன்னைக்குமா?"

"அவர் வச்ச முறைதானேப்பா."

தர்சா வண்டியில் ஏறினாள். பிறகு வண்டி நகர்ந்தது.

படியில் அவருடைய பூட்ஸ் அப்படியே கிடந்தது. எடுத்துப் போக யாருக்கும் தோன்றவில்லை. வெயில் தாழ்ந்ததும் லவீனா அதில் காலை நுழைத்து, மண்வெட்டியோடு வாய்க்காலுக்கு நடந்தாள். மதகுப் பலகையைத் தூக்கினாள். சிவந்த தண்ணீர் பாத்தி பாத்தியாக ஏறியது.

முறை முடிந்ததும் பலகையை இறக்கினாள். தண்ணீர் தர்சாவின் வயல் பக்கம் திரும்பியது. அது போகும் திசையைப் பார்த்து நின்றாள். பெரிய பூட்ஸுக்குள் அவள் விரல்கள் எதிலும் படாமல் அசைந்தன.