கோழிமயில் கதவு

ரோடிகாவின் வீட்டு இரும்புக் கதவில் இரண்டு மயில்கள் உண்டு. ஒன்று நிஜமாகவே மயில். மற்றது அவளுடைய அப்பா இரண்டாவது குடுவை வைனுக்குப் பிறகு வரைந்தது. தோகை முளைத்த கோழி. மால்டோவாவின் வடக்கு மூலையில் இருக்கும் அந்த ஊரில் எல்லா வீட்டுக் கதவிலும் அன்னமோ திராட்சைக் கொத்தோ இருக்கும். கோழி இந்த ஒரு வீட்டில்தான். வழி கேட்பவர்களுக்கு, "கோழிமயில் வீட்டைத் தாண்டித் திரும்பு" என்றுதான் ஊரார் சொல்வார்கள்.

ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தபோது, ஜெர்மனியில் முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு வேரா போனில் ஒரு படம் அனுப்பினாள். தேவாலய வாசலில் ஒட்டிய சுவரொட்டி. சடை பின்னிய ஒரு பெண்ணின் முதுகு, அவளுக்கு எதிரே அந்தக் கோழி, கீழே ஜெர்மன் எழுத்து. கூடவே வேராவின் குரலும் வந்தது.

"அடியே, உங்க வீட்டுக் கோழி இங்க சர்ச் வாசல்ல தொங்குது!" என்று சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "கீழ எழுதியிருக்கிறதை அப்புறம்தான் படிச்சேன். ஒண்ணைக் கிழிச்சுப் பையில போட்டுக்கிட்டேன். ஆனா எல்லா இடத்துலயும் ஒட்டியிருக்காங்க ரோடிகா. கிரிஷா தங்கியிருக்கிற தெருவுலயும் இருக்கு. நான் வாயத் திறக்க மாட்டேன், சத்தியமா."

வேரா திறக்க மாட்டாள். ஊர் வம்பையெல்லாம் சுமந்து திரியும் கிரிஷா மூட மாட்டான்.

சுவரொட்டியில் ரோடிகாவின் பெயர் ஆன்யா. வேலை தருவதாகக் கூட்டிப்போய் விற்றது, நிலவறை, அங்கே வந்து போன ஆண்கள், எல்லாம் எழுதியிருந்தார்கள். மீண்டு வந்த பெண்களுக்குக் காப்பகம் நடத்தும் கலீனாவின் மடியில் முகத்தைப் புதைத்து அவள் ஒரே ஒருமுறை சொன்னவை அவை. ஊருக்குத் தெரிந்த கதையில் ரோடிகா அப்போது இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதிமூன்று வயது மகள் சாண்டாவுக்கும் அதுதான் தெரியும். ஒருநாள் மகளிடம் உண்மையைச் சொல்லத்தான் போகிறாள். ஆனால் அதைத் தன் வாயால் சொல்ல வேண்டும், கிரிஷாவின் வாயால் அல்ல. மறுநாள் காலையே தலைநகரில் இருக்கும் காப்பகத்துக்கு மினிபஸ் ஏறிவிட்டாள்.

கலீனா கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் ரோடிகாவுக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

"முகம் தெரியலியேடி! பேரைக்கூட மாத்திட்டோம். ஜெர்மனியில உன்னை யாருக்குத் தெரியும்?"

"எங்க ஊர்ல பாதிப் பேர் அங்கதான் இருக்காங்க அக்கா. ஈஸ்டருக்கு எல்லாரும் வந்துருவாங்க."

கலீனாவின் சொந்தத் தம்பியே அங்கேதான் லாரி ஓட்டுகிறான். இருந்தும் அது அவளுக்குத் தோன்றவில்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் மனிதர்களுக்குப் பாதி மூளை லீவு எடுத்துக்கொள்கிறது.

"படம் போட்டுக்கலாம்னு நீதானே கையெழுத்துப் போட்டே?"

"வந்த மூணாம் நாள் போட்டேன். சோப்பு குடுத்தீங்க, துண்டு குடுத்தீங்க, சூப்பு குடுத்தீங்க, ஒரு பேப்பரும் குடுத்தீங்க. அன்னிக்கு என் தலையை எடுத்துக்கிறோம்னு எழுதியிருந்தாலும் போட்டிருப்பேன்." ரோடிகா போனில் இருந்த படத்தைக் கலீனாவின் முன்னால் நீட்டினாள். "வீட்டுல கொண்டுவந்து விட்டீங்களே, அன்னிக்கு எடுத்த படம் இது. கதவுக்கு அந்தப் பக்கம் என் பொண்ணு நிக்கிறா. 'ஒரு நிமிஷம் நில்லு'ன்னு என்னைத் திறக்க விடலை நீங்க."

"மாடியில இப்ப மூணு பொண்ணுங்க இருக்காங்க. கூரை ஒழுகுது. இந்தப் படத்தைப் பார்த்துத்தான்டி நன்கொடை குடுக்கிறாங்க." கலீனா குரலைத் தணித்தாள். "பேசாம அந்தக் கோழி மேல பெயிண்ட் அடிச்சிடேன். ஈஸ்டருக்கு எப்படியும் அடிப்பீங்கல்ல?"

அதுவரை இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் ரோடிகாவிடமிருந்து போய்விட்டது.

"அப்போ ஒண்ணு செய்யுங்க. உங்க பொண்ணு இலியானாவை உங்க வாசல்ல நிக்க வச்சு முதுகைப் படம் எடுங்க. கீழ இதையே எழுதுங்க. முகம்தான் தெரியாதே."

"என் பொண்ணை எதுக்குடி இழுக்கிறே?" கலீனாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பாத்தீங்களா, எப்படிச் சுடுதுன்னு?" ரோடிகா நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பேரை மாத்திட்டோம்னு சொன்னீங்க. அந்த நிலவறையிலயும் எனக்கு வேற பேருதான் வச்சாங்க அக்கா."

கலீனா போனை எடுத்து ஜெர்மனியில் சுவரொட்டி ஒட்டியவர்களைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் என்னென்னவோ சாக்குச் சொன்னார்கள். ரோடிகா இடத்தைவிட்டு அசையவில்லை. கலீனா கெஞ்சினாள், அதட்டினாள், கடைசியில், "இன்னிக்கே எடுக்கணும், இல்லேன்னா நானே வந்து கிழிப்பேன்" என்று கத்திவிட்டு வைத்தாள். அந்தக் கலீனாவைத்தான் ரோடிகாவுக்குத் தெரியும். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"அப்போ எதைக் காட்டிடி நான் காசு கேக்கறது?" இந்த முறை உண்மையாகவே கேட்டாள்.

"மாடி ரூம் கதவைக் காட்டுங்க. வந்த அன்னிக்கு சாவியை என் கையில குடுத்து, 'உள்ள பூட்டிக்கோ, நாங்க தட்டிட்டுத்தான் வருவோம்'னீங்க. எத்தனையோ நாளைக்கப்புறம் அன்னிக்குத்தான் தூங்கினேன். அதைச் சொல்லிக் கேளுங்க. அது நீங்க செஞ்சது. அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு."

"அதுக்குக் காசு வருமா?"

"வரலேன்னா நானே வந்து சந்தையில பிளாசிந்தா ரொட்டி சுட்டு விக்கிறேன்."

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, ஊரே மரத்துக்குச் சுண்ணாம்பும் கதவுக்குப் பெயிண்டும் அடித்துக்கொண்டிருந்தது. ஊருக்கு வந்திருந்த வேரா தன் பையிலிருந்த சுவரொட்டியை ரோடிகாவின் அடுப்பில் போட்டுவிட்டு, மாவு பிசைய உட்கார்ந்துவிட்டாள். ரோடிகா கோழியை அழிக்கவில்லை. கொண்டைக்குப் புதுச் சிவப்பும் தோகைக்குப் புது நீலமும் தீட்டிக்கொண்டிருந்தாள். பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு சாண்டா பக்கத்தில் நின்றாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய கிரிஷா பெட்டியோடு வந்து நின்றான். கோழியைப் பார்த்தான், ரோடிகாவின் சடையைப் பார்த்தான்.

"இதை எங்கயோ பார்த்தேனே..."

"பார்த்திருப்பே. நீ பொறந்ததுலேருந்து இங்கதான் நிக்குது."

"இல்ல, அங்க, ஒரு நோட்டீஸ்ல..."

ரோடிகா பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு அவனை நேராகப் பார்த்தாள்.

"படிச்சேல்ல? ஏதாவது கேக்கணும்னா இப்பவே என் மூஞ்சியைப் பார்த்துக் கேளு. கடைத்தெருவுல போய்ப் பேசாதே."

கிரிஷா பெட்டியைக் கை மாற்றிக்கொண்டான். "ஒண்ணும் கேக்கல அக்கா," என்று முனகிவிட்டு வேகமாக நடந்தான். அவனை அப்படி ஊர் பார்த்ததே இல்லை.

"அந்த மாமா எதைம்மா படிச்சாரு?" என்றாள் சாண்டா.

ரோடிகா கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"உள்ள வா. சொல்றேன்."

"எல்லாத்தையுமா?"

"இல்ல. நான் சொல்ல நினைக்கிறதை மட்டும்."

பெயிண்ட் காயாத கதவை அவள் தள்ளித் திறந்தாள். ஒரு நிமிஷம் நில்லு என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.