கிழக்கு மாடிக்குக் காற்று

சூரியநெல்லிக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஏசுரத்தினத்துக்குக் காற்றோடுதான் குடித்தனம். சூளையிலிருந்து வரும் சூடான காற்று அகலமான தகரக் குழாயில் ஏறி, இரண்டாகப் பிரிந்து, கொழுந்து வாட்டும் இரு மாடிகளுக்கும் போகும். பிரிகிற இடத்தில் ஒரு தகரக் கதவு. ஒரு மாடிக்கு அதிகம் விட்டால் மற்றதற்குக் குறையும். அந்த இருட்டு மூலையில் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்.

விசிறி போடும் இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது. ஆகவே மாடியில் இருப்பவர்கள் குழாயைத் தட்டுவார்கள், கைப்பிடியில் அதிரும். ஒரு தட்டு என்றால் காற்று வேண்டும், இரண்டு என்றால் போதும். மனைவி செத்து, தோட்டம் கொடுத்த லயத்து வீட்டில் ஒற்றையாய்க் கஞ்சி காய்ச்சிக் குடிக்கும் மனுஷனுக்கு அதுதான் பேச்சுவார்த்தை. மேற்கு மாடிக்காரன் சோம்பேறி, தட்டவே மாட்டான். கிழக்கில் அன்னாள். கால் ஊனம், மலையேறிக் கொழுந்து கிள்ள முடியாது என்று மாடியில் போட்டிருந்தார்கள். அவள் பொறுப்பாகத் தட்டுவாள்.

எழுபத்துநாலாம் வருஷத்து ஆடி மழையில் ஏசுரத்தினத்துக்குப் புத்தி கோணிற்று. கிழக்குக்குப் போகும் காற்றைக் கொஞ்சம் அடைத்தார். அவள் தட்டினாள். திறந்தார். போதும் என்று தட்டினாள். மறுபடி அடைத்தார். என்ன அற்ப சந்தோஷம் பாருங்கள்!

கிழக்கு மாடிக் கொழுந்து வாடாமல் ஈரத்தோடு கிடந்து, இலை சுருட்டும் உருளையில் கூழாகப் போயிற்று. தொழிற்சாலைப் பொறுப்பிலிருந்த டீமேக்கர் சுவக்கீன் எல்லார் முன்னாலும் அன்னாளைத்தான் பிடித்தார்.

"எலையப் பரத்தத் தெரியாதவளுக்கு மாடி எதுக்கு? நாளைக்கு மலைக்குப் போ."

மலையில் அவள் ஒரு நாள் தாங்கமாட்டாள். வேலை போனால் லயமும் போகும். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாதுதான். ஆனால் ஏசுரத்தினம் எழுந்து சுவக்கீன் முன்னால் போய் நின்றார்.

"அந்தப் புள்ள மேல தப்பில்லய்யா. நாந்தான் காத்த அடச்சேன்."

"எதுக்குவே?"

"தட்டுவாள்ல... அதுக்குத்தான்."

சுவக்கீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிறுக்கு என்று முடிவுகட்டி, அன்னாளை மாடியிலேயே விட்டுவிட்டு, இவரை வெளியே விறகுக் கொட்டகைக்கு மாற்றினார்.

துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அன்னாள் காலை இழுத்துக்கொண்டு வந்து எதிரே நின்றாள். ஏச்சு வாங்கத் தலையைக் குனிந்தார்.

"ஏண்ணே, மத்தியானம் நாங்க எல்லாரும் மேலதான் ஒண்ணா உக்காந்து சாப்பிடுதோம். ஏறி வந்திருக்கப்படாதா?"

அவருக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அது அவருக்குத் தோன்றியதில்லை.