பத்து நொடிக்கு மேல்

செவ்வாய்க்கிழமை காலை வானொலி நிலையத்தின் நடைவழியிலேயே ஹிராய்வா என்னை நிறுத்திவிட்டார். எங்கள் நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் அவர். கையில் நேயர் கடிதங்கள் ஒரு கட்டு இருந்தது.

"ஓரிமோத்தோ சென்செய், போன வாரம் நீங்க எத்தனை தடவை 'தெரியாது'ன்னு சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

"எண்ணலையே."

"நேயருங்க எண்ணியிருக்காங்க. ஏழு தடவை. 'தெரியாதுன்னு சொல்றதுக்கு எதுக்கு ஒரு நிபுணர், அதை நானே என் பேரனுக்குச் சொல்லிட்டுப் போறேன்'னு ஒருத்தர் எழுதியிருக்கார்."

"தாராளமாச் சொல்லட்டும். நல்ல தாத்தா."

அவர் சிரிக்கவில்லை. "சிரிக்கிற விஷயம் இல்ல இது. இன்னொரு வாரம் இப்படிப் போச்சுன்னா அடுத்த கோடைக்குப் பூச்சி நாற்காலிக்கு வேற ஆள் பார்க்கணுமாம். நான் சொல்லல, மேல சொல்றாங்க."

பூச்சி நாற்காலி. அறிவிப்பாளர் கஜியுரா அம்மாளுக்கு எதிரே மூன்று நாற்காலிகள் உண்டு. நட்சத்திரத்துக்கு ஒன்று, விலங்குக்கு ஒன்று, பூச்சிக்கு ஒன்று. பள்ளிக் கோடை விடுமுறையின் காலை நேரங்களில் பிள்ளைகள் தொலைபேசியில் கேட்பார்கள், 'சென்செய்', அதாவது ஆசிரியர், என்று அழைக்கப்படும் நாங்கள் நேரலையில் பதில் சொல்வோம். பதினொரு வருடமாக மூன்றாவது நாற்காலி என்னுடையது. அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில், இழுப்பறைகளுக்கு நடுவே எனக்கு வேலை. அங்கே என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. வருடத்தில் பதினைந்து நாள்தான் யாராவது என்னைக் கேட்கிறார்கள். அந்தப் பதினைந்து நாளைத்தான் ஹிராய்வா கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"முயற்சி பண்றேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். சொன்ன வேகத்தில் எனக்கே என்மீது எரிச்சல் வந்தது.

ஒரு பிள்ளைக்கு நான்கு நிமிடம். முன்கூட்டியே பேசி, கேள்வியைச் சுருக்கி, அட்டையில் எழுதி எங்களிடம் தந்துவிடுவார்கள். பதில் முடிந்ததும் கஜியுரா அம்மாள், வெந்நீரில் நனைத்த துணி போன்ற அந்தக் குரலில், "புரிஞ்சுதா?" என்று கேட்பார். பிள்ளை "புரிஞ்சுது" என்று சொல்லும். நன்றி சொல்லும். விடைபெறும். பதினொரு வருடத்தில் ஒரு பிள்ளைகூட வேறு எதுவும் சொன்னதில்லை.

நானும் சொன்னதில்லை. எட்டு வயதில் இதே நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறேன். மழை வந்தால் எறும்புப் புற்றுக்குள் தண்ணீர் ஏன் போவதில்லை என்று கேட்டேன். ஒருவர் என்னவோ சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. "புரிஞ்சுது" என்றேன். அம்மா என் பின்னால் நின்று தொலைபேசியைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள். அன்று மாலை எல்லோரும் கேள்வியை விட்டுவிட்டு, நான் பதில் சொன்ன விதத்தைத்தான் பாராட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நிறையப் பயன்படுத்தியிருக்கிறேன். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன குடும்பத்திடம், பிரிந்துபோகும்போது காரணம் சொன்ன கணவரிடம், மருத்துவரிடம். ஒவ்வொரு முறையும் எதிரில் இருந்தவர் நிம்மதியாகக் கிளம்பிப் போனார்.

பத்தே முக்கால் மணிக்கு என் அட்டை வந்தது. 'பூச்சிகளுக்கு வலிக்குமா? ரிஹோ, மூன்றாம் வகுப்பு.' அதன் கீழே ஹிராய்வாவின் சிவப்பு மையில்: 'வலிக்காது. ஆறுதலாக.'

"காலை வணக்கம் ரிஹோ-சான். உங்க கேள்வி என்ன?" என்றார் கஜியுரா அம்மாள், மரியாதைக்குப் பெயரோடு 'சான்' சேர்த்து.

"கொம்பு வண்டுக்கு வலிச்சிருக்குமா?"

அட்டையில் இருந்ததும் இதுவும் ஒன்றல்ல. நான் ஒலிவாங்கியை நோக்கிச் சாய்ந்தேன். "ஓரிமோத்தோ பேசறேன் ரிஹோ-சான். எந்த வண்டுக்கு?"

"என் வண்டுக்கு. விடுமுறை ஆராய்ச்சிக்கு. ஃப்ரீசர்ல வெச்சேன், ஒரு நாள் பூரா. அப்புறம் எடுத்து ஊசி குத்திப் பெட்டியில வெச்சேன். காலையில பாத்தா காலெல்லாம் ஆடிக்கிட்டிருந்துச்சு. ஆறு காலும்."

பின்னால் ஒரு பெண்குரல் தாழ்ந்து கேட்டது. "அதெல்லாம் சொல்லாதேன்னேன்ல!"

ஒரு நாள் போதாது. ஒரு நாள் குளிரில் வண்டு சாவதில்லை, விறைத்துத்தான் போகிறது. நாங்கள் ஒரு வாரம் வைப்போம். புதிதாகத் தொடங்குகிற எல்லோரும் செய்கிற தவறு இது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹிராய்வா உதட்டை அசைத்தார். வ-லி-க்-கா-து.

சொல்லியிருக்கலாம். ஒரே சொல். அந்தப் பெண் இன்றிரவு தூங்குவாள், நாற்காலி எனக்கே இருக்கும். என் வாய் அந்தச் சொல்லுக்குத் தயாராகிவிட்டதைக்கூட உணர்ந்தேன். பழகிய வாய். பிறகு அது எட்டு வயதில் சொன்ன அதே சொல்லின் இன்னொரு பக்கம் என்று தோன்றியது. நான் அவளை ஏமாற்றினால் அவளும் பதிலுக்கு என்னை ஏமாற்றுவாள், இரண்டு பேரும் நன்றி சொல்லிக்கொண்டு பிரிந்துவிடுவோம்.

"தெரியாது ரிஹோ-சான்," என்றேன்.

ஹிராய்வா நெற்றியில் கை வைத்தார்.

"ரொம்ப நாளா எங்களை மாதிரி ஆளுங்க வலிக்காதுன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தோம். கால் நசுங்கின பூச்சிகூட அந்தக் காலை ஊன்றி நடக்குதே, அதனால வலிக்காதுன்னு. இப்போ சில பேர் சோதனை பண்ணிப் பாத்திருக்காங்க. சூடு பட்ட இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவிக்கிற தேனீ வகை இருக்கு. வண்டு எப்படின்னு யாருக்கும் உறுதியாத் தெரியாது."

"அப்போ வலிச்சிருக்கலாமா?"

"வலிச்சிருக்கலாம்."

விலங்கு நாற்காலி அன்று காலி. நட்சத்திர நாற்காலியில் இருந்த நெகிஷி, ஓய்வுபெற்ற கோளரங்க மனிதர், நாற்காலியோடு சேர்த்து என் பக்கம் திரும்பினார்.

"சென்செய், நீங்க ஊசி குத்தியிருக்கீங்களா?"

"குத்தியிருக்கேன்."

"எத்தனை?"

"நாலாயிரத்துக்கு மேல."

"அதுல ஏதாச்சும் கால் ஆட்டிச்சா?"

இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அதனால் நானும் யாரிடமும் சொன்னதில்லை.

"ஒண்ணு. எனக்கு அப்போ இருபத்து மூணு வயசு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"பெட்டியை மூடிட்டேன்."

நான்கு நிமிடம் முடிந்திருந்தது. கஜியுரா அம்மாள் தன் குரலை எடுத்து விரித்தார். "கஷ்டமான விஷயம்தான், இல்லையா ரிஹோ-சான்? ஆனா சென்செய் எதையும் மறைக்காமச் சொன்னாங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுன்னு சொல்லு," என்றது பின்குரல். "நன்றின்னு சொல்லு. சொல்லேன்டி!"

ரிஹோ சொல்லவில்லை.

எங்கள் நிலையத்தில் ஒரு விதி உண்டு. பத்து நொடிக்கு மேல் ஒலி இல்லாமல் போனால் அது ஒலிபரப்பு விபத்து. தயாரிப்பாளர் விளக்க அறிக்கை எழுத வேண்டும். ஹிராய்வா கையைத் தூக்கி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். ஐந்து. அடுத்த கை. எட்டாவது விரலில் கஜியுரா அம்மாள் வாயைத் திறந்தார். நான் மேசைக்குக் குறுக்கே எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை. ஒன்பது. பத்து. ஹிராய்வாவுக்கு மடக்க விரல் தீர்ந்துபோனது.

"புரியல," என்றாள் ரிஹோ.

கஜியுரா அம்மாள் கையை உருவிக்கொண்டார். "அப்படின்னா இன்னொரு தடவை சென்செய் கிட்ட..."

"இல்ல. அவங்க சொன்னது புரிஞ்சுது. ஒண்ணு கால் ஆட்டிச்சே, அப்புறமும் ஏன் நிறுத்தல? அதுதான் புரியல."

"எனக்கும் புரியல ரிஹோ-சான்," என்றேன். "புரிஞ்சுதுன்னு நீங்க சொல்ல வேணாம். யார் சொல்லச் சொன்னாலும் வேணாம்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. எங்கள் காதுக்கருவிகளில் பியானோ இசை வந்தது.

ஹிராய்வா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "என்ன பண்றீங்க நீங்க? கேக்கறது ஒரு குழந்தை! அது ராத்திரி எப்படித் தூங்கும்?"

"தூங்காதுன்னுதான் நினைக்கறேன்."

"அதைச் சொல்றதுக்கு உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

"ராத்திரி பூரா பெட்டிக்குள்ள வண்டு கால் ஆட்டியிருக்கு, ஹிராய்வா-சான். அதை அவ பாத்துட்டா. நான் வலிக்காதுன்னு சொன்னா அவ கண்ணையே அவ நம்பக் கூடாதுன்னு சொல்ற மாதிரி."

"அறிக்கை எழுதப் போறது நான். அதை மறந்துடாதீங்க."

"எழுதுங்க. பன்னிரண்டு நொடின்னு எழுதுங்க. நானும் எண்ணினேன்."

நெகிஷி வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். அது இருமல் அல்ல.

அடுத்த கேள்வி அவருக்கு. துறைமுகப் பக்கத்து ஐந்து வயதுப் பையன், நிலா ஏன் எங்கள் காரையே துரத்துகிறது என்று கேட்டான். பக்கத்தில் இருக்கும் மரம், தூரத்து மலை, அதைவிடத் தூரத்து நிலா என்று நெகிஷி அருமையாகச் சொன்னார். இதைச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

"புரிஞ்சுதா?" என்றார் கஜியுரா அம்மாள்.

"புரியல!"

அவ்வளவு சந்தோஷமாக அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. அவன் வரிசையில் காத்திருந்தபோது ரிஹோ பேசியதைக் கேட்டிருக்கிறான். இப்படியும் சொல்லலாம் என்பது அவனுக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது. அடுத்து ஒரு சிறுமி, "பாதிதான் புரிஞ்சுது" என்றாள். அதற்கடுத்தவள், "முதல்ல சொன்னது புரிஞ்சுது, ஆனா அது என் கேள்வி இல்ல" என்றாள். பதினொன்றரை மணிக்கு நிகழ்ச்சி முடிந்தபோது ரிஹோ தொடங்கிப் பேசிய ஒன்பது பேரில் ஐந்து பேர் எங்களைத் தோற்கடித்திருந்தார்கள்.

"நாப்பது வருஷமா நான் நல்லா விளக்கறேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்," என்றார் நெகிஷி, பெட்டிச்சாப்பாட்டைத் திறந்தபடி. "உங்களால வந்தது. இன்னைக்கு மீன்கூட ருசிக்கல எனக்கு." ஆனாலும் என் பெட்டியில் இருந்த ஊறுகாயையும் எடுத்துச் சாப்பிட்டார்.

கஜியுரா அம்மாள் மட்டும் சாப்பிடவில்லை. மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். "வலிக்குதா?" என்று கேட்டேன். "தெரியல," என்றார் என்னைப் பார்க்காமல்.

வியாழக்கிழமை என் அடுத்த முறை. மேசையில் புதிய தாள் இருந்தது. கஜியுரா அம்மாள் சொல்ல வேண்டிய வரிகளில் ஒன்று அடிக்கப்பட்டிருந்தது. பதில் முடிந்ததும் 'நன்றி, போய்ட்டு வாங்க' என்று நேராகச் சொல்லிவிட வேண்டுமாம். யோசித்துப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம்தான். பதில் பிடிக்கவில்லை என்றதும் கேள்வியை எடுத்துவிட்டார்கள்.

ஹிராய்வா என் தோளருகே குனிந்தார். குரலில் அன்றைய கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "மேல பேசிட்டேன். உங்களுக்காகக் கெஞ்சினேன்னே வெச்சுக்கோங்க. இந்த ஒரு மாத்தத்தை மட்டும் ஏத்துக்கிட்டீங்கன்னா அடுத்த வருஷமும் இந்த நாற்காலி உங்களுக்குத்தான். 'தெரியாது'ன்னுகூடச் சொல்லிக்கோங்க. ஆனா பிள்ளைங்க கிட்ட 'புரிஞ்சுதா'ன்னு கேக்க வேணாம். சரியா?"

அவர் நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். அவர் பதிலுக்காகக் காத்திருந்தார், நான் என் வழக்கமான சொல்லைச் சொல்வேன் என்று நம்பி. நான் எதுவும் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனார்.

எனக்கு வந்த முதல் கேள்வி ஏழு வயதுச் சிறுமியுடையது. செத்த சில்வண்டு ஏன் எப்போதும் மல்லாந்தே கிடக்கிறது? நல்ல கேள்வி. உயிர் போகும்போது கால்கள் உள்பக்கமாக மடங்கிவிடும், ஊன்றிக்கொள்ள முடியாது, முதுகுப் பக்கம் கனம் அதிகம், அதனால் புரண்டுவிடும் என்றேன். இரண்டு கை விரல்களையும் மேசைமேல் ஊன்றி, பிறகு மெல்ல மடக்கிப் பார்க்கச் சொன்னேன். மறுமுனையில் அவள் செய்து பார்க்கிற சத்தம் கேட்டது.

"நன்றி..." என்று கஜியுரா அம்மாள் தாளைப் பார்த்து ஆரம்பித்தார்.

என் கண் முன்னால் அடுத்த கோடை தெரிந்தது. அடித்தளம், இழுப்பறைகள், யாரும் எதையும் கேட்காத ஜூலை மாதம். அதன் நடுவே மூடிய பெட்டி ஒன்று.

நான் ஒலிவாங்கியை என் பக்கம் இழுத்தேன். "புரிஞ்சுதா?"

கஜியுரா அம்மாள் பாதிச் சொல்லில் நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

சிறுமி யோசித்தாள். யோசிக்கட்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹிராய்வா எழுந்து நின்று கையைத் தூக்கினார். முதல் விரல் மடங்குவதைப் பார்த்தேன். அதற்கு மேல் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.