உள்ளேன் டீச்சர்

நாலாம் வகுப்பில் ஜன்னலோர பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் பல மாதங்களாகத் தினமும் காலையில் அங்கிருந்து "உள்ளேன் டீச்சர்" என்ற குரல் வந்துகொண்டிருந்தது. அது வாயாடியின் குரல். வாயாடி அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிறந்ததிலிருந்து உள்பக்கமாக மடங்கியிருந்த இரண்டு பாதங்களையும் அங்கே கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். அவள் கிளம்பும்போது தலைமையாசிரியர், கூப்பிட்டால் பதில் வராத பேரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். பதில்தானே வரவேண்டும் என்று அவள் குரலை மட்டும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டாள். டீச்சரும் ஆஜர் போட்டார். சும்மா சொல்லக் கூடாது, தலைமையாசிரியர் நியாயமான மனுஷர். தானே வந்து பேரைக் கூப்பிட்டுப் பார்த்தார். "உள்ளேன் டீச்சர்" என்றது பெஞ்சு. தன்னிடம் பேசும்போது ஐயா என்று சொல்லவேண்டும் எனத் திருத்திவிட்டுப் போய்விட்டார்.

சங்கடம் ஆஸ்பத்திரியில்தான் வந்தது. பள்ளிக்கூட நேரம் முழுக்க வாயாடியிடம் குரல் இருக்காது. கடைசி ஆபரேஷனுக்கு மறுநாள், அம்மா தையல் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், மாவுக்கட்டு இறுகிக் கால்விரல்கள் வீங்கின. அவளால் கத்த முடியவில்லை. கையை ஆட்டிக் கூப்பிட்டதை டாட்டா என்று நினைத்து நர்சும் கையாட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் குரல் திரும்பி வந்தபோது விரல்கள் நீலம் பாரித்திருந்தன. டாக்டர் ஓடிவந்து கட்டைப் பிளந்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்று சத்தம் போட்டார். "வலிச்சா கத்தணும்மா. கத்தினாத்தான் எங்களுக்குத் தெரியும்." குரலை இங்கே வைத்துக்கொண்டால் அங்கே பேரை அடித்துவிடுவார்கள் என்று வாயாடி தேம்பினாள். கால் போனாலும் பள்ளிக்கூடம் போகக் கூடாது அவளுக்கு. வேலையிலிருந்து வந்த அம்மா இதையெல்லாம் கேட்டாள்.

மறுநாள் அப்பாவை ஆஸ்பத்திரியில் உட்காரவைத்துவிட்டு அம்மா பள்ளிக்கூடம் போனாள். அந்தக் குட்டி பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து, மகள் பேரைக் கூப்பிட்டதும் "உள்ளேன் டீச்சர்" என்றாள். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். தலைமையாசிரியர் தலையைச் சொறிந்தார். பதில் சொல்பவரின் வயதைப் பற்றி அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அதே நேரத்தில் வாயாடி போட்ட கூச்சலில் அடுத்த வார்டுக்காரர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்களாம். அதற்கப்புறம் குரல் அவளை விட்டு எங்கேயும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் நடக்கப் பழக்கிய பிசியோதெரபி அக்கா அந்த வாயிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. இங்கே தினமும் வகுப்பில் உட்கார்ந்து அம்மா வகுத்தல் கணக்கில் கெட்டிக்காரியாகிவிட்டாள்.

மழை ஓய்ந்திருந்த ஒரு திங்கட்கிழமை, டீச்சர் பேரைக் கூப்பிட்டபோது பெஞ்சிலிருந்து பதில் வரவில்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். படிக்கட்டில் கம்பி வைத்த பூட்ஸின் சத்தம் கேட்டது. ஒரு படி. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. வகுப்பே கதவுப் பக்கம் திரும்பியது. வாயாடி கதவைப் பிடித்துக்கொண்டு, இரைக்க இரைக்க, "உள்ளேன் டீச்சர்" என்றாள்.

வராதவளுக்கு ஒரு வருஷம் ஆஜர் போட்ட டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"லேட்டு. நாளையிலேர்ந்து நேரத்துக்கு வரணும்."

அப்பா தோளில் வந்த காலத்தில் அவளை யாரும் அப்படித் திட்டியதில்லை. நடந்து வருகிற பிள்ளைகளுக்குத்தான் அந்தத் திட்டு. வாயாடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள். கணக்குப் பரீட்சை முடிகிறவரைக்கும் அவளும் போவதாக இல்லை.